கரைந்து மறைந்த மாழைகளைக் கண்டறிதல்



அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசற்காட்டில் மக்காச்சோளம் பயிரிட்ட உழவர் ஒருவர், பயிரின் இளங்குருத்து வெளிறி வெண்பட்டையாக நிற்பதைக் கண்டு, உரக்கடைக்குச் செல்கின்றார் என்று கொள்க. நிலத்தில் துத்தநாகம் குறைந்ததால் வந்த நோய் அது. சுண்ணம் மிகுந்த கரிசல் மண்ணில் துத்தநாகம் இருப்பினும் வேருக்கு எட்டாதவாறு கட்டுண்டு போவதுண்டு. கடைக்காரர் அவருக்குத் துத்தநாக உப்பு மூட்டையொன்றைத் தருவார். கடையில் அதன் பெயர் சிங்கு சல்பேட்டு. நாட்டு மருந்துக் கடையில் வெண்டுத்தம். வெண்மையான சிறுமணிகளாக, அள்ளினால் சருக்கரை போல் ஒழுகும். அதே நிறமும் அதே மணியும் அதே ஒழுக்கும் கொண்ட மற்றோர் உப்பும் உண்டு. அது பேதியுப்பு எனப்படும் மகனீசியம் சல்பேட்டு. விலையோ முன்னதினும் மிகக் குறைவு. முன்னதில் பின்னதைக் கலந்து விற்பதும், பின்னதையே முன்னதன் பெயரால் விற்பதும் இந்நாட்டில் நெடுநாளாக நடந்துவரும் ஏமாற்று. பொய்யுப்பை இட்டவரின் பயிர் தேறாது. அவரோ மழையை நோவார், விதையை நோவார், தம் ஊழையும் நோவார். மூட்டையை நோவதற்கு அவரிடம் சான்றில்லை.

அச்சான்றை அரைமணி நேரத்தில் ஒரு கண்ணாடிக் குவளைக்குள் வரவழைக்கலாம். அதன் வழியை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

உப்பு நீரில் கரையும்போது நிகழ்வது யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும். உப்பின் ஒரு கூறு பெரும்பாலும் மாழை. உலோகம் என்று பாடநூல்கள் சொல்வது இதனையே. அம்மாழையணு தன் மின்னணுக்களுள் ஒன்றையோ இரண்டையோ மூன்றையோ இழந்து நேர்மின்னேற்றம் உடையதாய் நிற்கும். நீரில் கரைந்தபின் அது தன் துணையைப் பிரிந்து தனித்து உலவும். இவ்வாறு உலவும் மின்னேற்றத் துகளுக்கு 1834-ஆம் ஆண்டில் பாரடே என்னும் ஆங்கில அறிவியலறிஞர் 'செல்வது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் பெயரிட்டார். அப்பெயரே தமிழ்ப் பாடநூல்களில் அயனி என வழங்குகின்றது. நேர்மின்னேற்றம் உடையது நேர் அயனி. துத்தநாக நேர் அயனிக்கும் நிறமில்லை. மகனீசிய நேர் அயனிக்கும் நிறமில்லை. இரண்டு கரைசலும் தெளிந்த நீராகவே தோன்றும். ஆகவே கண் மட்டும் போதாது; உள்ளே மறைந்து நிற்பதை வெளியே இழுக்கும் மற்றொரு பொருளும் வேண்டும்.

அப்பொருள், வழலைக்கட்டி செய்வோர் வாங்கும் எரிசோடா. பாடநூலில் அது சோடியம் ஐதராக்சைடு. ஐயத்துக்குரிய உப்பில் அரைத் தேக்கரண்டி எடுத்து, அரைக் குவளை நீரில் கரைத்து வடித்துக் கொள்க. நீர் மழைநீராகவோ காய்ச்சி வடித்த நீராகவோ இருத்தல் வேண்டும். இப்பகுதிக் கிணற்றுநீரைக் கொள்ளலாகாது; அதிலுள்ள சுண்ணமும் மகனீசியமும் தாமே வெண்மை காட்டி, நல்ல உப்பின்மேலும் பழி சுமத்திவிடும். வடித்த கரைசலில் நீர்த்த எரிசோடாக் கரைசலைத் துளித்துளியாக விடுக. இரண்டு உப்பும் கஞ்சி போன்ற வெண்மையாய்த் திரளும். இத்திரளே வீழ்படிவு. இதுவரை வேறுபாடில்லை. இனித்தான் உண்மை வெளிப்படும். செறிந்த எரிசோடாக் கரைசலை மேன்மேலும் விட்டுக் கலக்குக. துத்தநாகமாயின் அவ்வெண்திரள் சிறிது சிறிதாய்க் கரைந்து நீர் மீண்டும் தெளியும். மகனீசியமாயின் எவ்வளவு விட்டாலும் கரையாது, வெண்மை அப்படியே நிற்கும். ஒரு பங்கு கரைந்து ஒரு பங்கு நின்றால் இரண்டும் கலந்தது என்க.

இதன் கரணியம் எளிது. துத்தநாகத்தின் வீழ்படிவு ஈரியல்பு உடையது: காடியிலும் கரையும், வன்காரத்திலும் கரையும். காரம் மிகும்போது அது மேலும் காரக்கூற்றைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு புதியதொரு கரையும் பொருளாக மாறிவிடும். மகனீசியத்துக்கு அவ்வாற்றல் இல்லை.

எரிசோடா தோலை அரிக்கும், கண்ணைக் கெடுக்கும். அதனை நீரில் சிறிது சிறிதாக இடுதல் வேண்டுமேயன்றி, அதன்மேல் நீரை ஊற்றலாகாது, கொதித்துத் தெறிக்கும். அலுமினியக் கலத்தையும் அது தின்றுவிடும். கண்ணாடிக் கலமே ஏற்றது. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும் என்று சொல்லவும் வேண்டுமோ?

எரிசோடா கிடையாத இடத்தில் வேறு வழியும் உண்டு. டி.ஏ.பி. உரத்தைக் கரைத்து வடித்த நீரை, ஐயத்துக்குரிய உப்பின் கரைசலில் விடுக. துத்தநாகமாயின் கட்டிகட்டியாய்த் திரளும்; மகனீசியமாயின் அவ்வாறு திரளாது. வேளாண் துறையினர் உழவர்க்குச் சொல்லிவரும் ஆய்வே இது.

1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, ஏழு நீர் மூலக்கூறு கொண்ட துத்தநாக சல்பேட்டில் துத்தநாகம் 21 விழுக்காட்டுக்குக் குறையலாகாது, மகனீசியம் 0.5 விழுக்காட்டுக்கு மிகலாகாது. குவளையில் கரையாத வெண்மை கணிசமாக நின்றுவிட்டால், உர ஆய்வாளரிடம் மூட்டையைக் காட்டி, முறைப்படி மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு விடுக்குமாறு கேட்க உழவர்க்கு வழி பிறந்துவிட்டது. குவளை ஆய்வு வழக்கை முடிக்காது, வழக்கைத் தொடங்கும்.

இனி, அந்த டி.ஏ.பி. உரமே மெய்யானதா என்னும் கேள்வி எழும். அதன் நேர் அயனி அம்மோனியம். மாழையல்லாத நேர் அயனி இஃதொன்றே நாள்தோறும் கைப்படுவது. அதனை அறிய வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்பே போதும். உரமணி சிலவற்றை உள்ளங்கையில் வைத்துச் சுண்ணாம்போடு சேர்த்துத் தேய்த்தால் மூக்கைத் துளைக்கும் நெடி எழும். நவச்சாரத்தோடு சுண்ணாம்பைத் தேய்த்தவர் அறிந்த அதே நெடிதான் இதுவும். யூரியா இவ்வாறு உடனே நெடி காட்டாது. அதில் தழைமம் உண்டெனினும் அம்மோனியம் அயனியாக இல்லை. மூக்கை நம்பாதவர், மஞ்சள் தோய்த்து உலர்த்திய தாளைச் சற்றே நனைத்து அந்நெடியின்மேல் பிடிக்கலாம். தாள் செம்மை பாயும். மணவீட்டில் ஆலத்தி கரைக்கும்போது மஞ்சள்நீர் சுண்ணாம்பால் சிவப்பதும் இதே வினைதான். பள்ளி ஆய்வகத்தில் இலிட்மசுத் தாள் இல்லையென்று கைகட்டி நிற்கும் ஆசிரியர்கள், சமையலறையில் அதன் உடன்பிறப்பு இருப்பதை மறந்துவிடுகின்றனர்.

நிறமுள்ள வீழ்படிவுகளைக் காண்பது வெண்மையை விட எளிது. மயில்துத்தக் கரைசலில் எரிசோடா விட்டால் வெளிர்நீலம் வீழும், அது செம்பு. அம்மோனியா நீரை விட்டாலும் முதலில் அதுவே வீழும். மேலும் விட்டால் கரைந்து, காண்பார் வியக்கும் ஆழ்நீலக் கரைசலாகும். செம்பு அயனியை அறிய உழவரிடம் மற்றொரு கருவியும் உண்டு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூஞ்சண நோய்க்குத் தெளிக்கும் போர்டோக் கலவையில், தீட்டிய இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் தோய்த்தெடுப்பர். கத்தியில் செம்புப்பூச்சு படிந்தால், கட்டுப்படாத செம்பு அயனி இன்னும் உலவுகின்றது, இலையைக் கருக்கும், சுண்ணாம்பை மேலும் சேர்க்க வேண்டும் என்று பொருள். இரும்பு தன் மின்னணுக்களைச் செம்புக்குக் கொடுத்துவிட்டுத் தான் கரைந்து போகின்றது. வேதியியல் ஆய்வகத்துக்குள் கால்வைத்தறியாத உழவரும் இவ்வாறு நேர் அயனி ஆய்வு செய்தே வந்திருக்கின்றார்.

இரும்புக்கு இரண்டு நிலைகள். அன்னபேதிக் கரைசலில் எரிசோடா விட்டால் அழுக்குப் பச்சை வீழும். காற்றுப்பட்டு மேற்புறம் பழுப்பேறும். பழுப்பேறிய நிலையே மூன்று மின்னணு இழந்த இரும்பு. அது வீழ்கையில் தொடக்கத்திலேயே செம்பழுப்பாக வீழும். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தெளிவாக வரும் நீர், குடத்தில் நின்று ஓரிரவில் பழுப்புப் படிவு இடுவதும் இந்த மாற்றமே. அந்நீரில் தேநீர் போட்டால் கருக்கும். அக்கருமையைத் தூண்டி இரும்பை அறிய, கடுக்காயை நசுக்கி வேகவைத்த சாறு போதும். இரும்புள்ள நீரில் அதனை விட்டால் நீலக்கருமை பாயும். கடுக்காயும் இரும்பும் கூடினால் கறுப்பு என்பது பழந்தமிழ்நாட்டுச் சாயத்தொழிலர்க்குக் கைவந்த அறிவு. துணியில் படிகாரம் ஏற்றிச் சாயவேரில் தோய்த்தால் சிவப்பு. இரும்பு ஏற்றித் தோய்த்தால் கருமை கலந்த வேறு நிறம். வேர் ஒன்றே, மாழை வேறு, நிறமும் வேறு. உரோம நாட்டுப் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில், மரப்பிசுக்காய்ச் சாறு தோய்த்த தாளால் செம்புப் பொருளில் கலந்த இரும்பைக் கண்டறியும் வழியை எழுதி வைத்தார். உலகின் முதல் வேதியியல் ஆய்வுத்தாள் அதுவே என்பர். நெசவூராகிய அருப்புக்கோட்டையில் நூலுக்குச் சாயமேற்றுவோர் நீரைக் கண்டு அஞ்சுவதற்கும் இதுவே கரணியம்: நீரிலுள்ள இரும்பும் சுண்ணமும் சாயத்தொடு கூடி, எண்ணிய நிறத்தை வேறொன்றாக்கிவிடும்.

நீரைப் பற்றிச் சொல்ல நேர்ந்ததால் சற்று விரித்துரைத்தல் தகும். இவ்வட்டாரத்து ஊர்களில் நல்ல தண்ணீர்க் கிணறு, உப்புத் தண்ணீர்க் கிணறு என்று கிணறுகளைப் பிரித்து வழங்குதல் வழக்கம். பருப்பு வேகாத நீர், நுரை எழாத நீர் என்று மகளிர் கூறுவது, கால்சியமாகிய சுண்ணமும் மகனீசியமும் மிக்க வன்னீரை. வழலை இவ்விரு நேர் அயனிகளோடும் கூடி நுரைக்காமல் வெண்கசடாகத் திரண்டுவிடும். ஒரே அளவு வழலைக் கரைசலை ஒரு குப்பி மழைநீரிலும் ஒரு குப்பி கிணற்றுநீரிலும் இட்டுக் குலுக்கினால் வேறுபாடு விளங்கும். கொதிக்க வைத்து ஆற்றிய பின் மீண்டும் குலுக்குக. நுரை கூடினால் வன்மையின் ஒரு பங்கு கொதிநீர்க்கலத்தின் உள்ளே வெண்பொருக்காக ஒட்டிக்கொண்டது. கூடாவிடின் அவ்வன்மை கொதித்தாலும் நீங்காதது. பந்தல்குடிப் பக்கம் சுண்ணக்கல் வெட்டியெடுக்கப்படுகின்றது. கரிசலுக்கடியில் சுக்கான் கல் கிடக்கின்றது. அவற்றினூடே ஊறிவரும் நீர் சுண்ணத்தைச் சுமந்து வருவதில் வியப்பில்லை. இந்தியத் தர அளவை நூலின் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு, குடிநீர் வன்மையை இலிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாவிடின் 600 வரை பொறுக்கலாம் என்றும் கூறும். களஆய்வுப் பெட்டியில் செந்நிறக் கரைசல் நீலமாகும் வரை துளிகளை எண்ணி இந்த அளவை அறிவர்.

முன்னோர் ஊருணியை வெட்டி மழைநீரைக் குடித்ததன் நுட்பம் இங்கே விளங்கும். மழைநீர் சுண்ணம் தொடாதது; அதன் குறைகளுள் ஒன்று கலங்கல். கரிசற் களித்துகள்கள் எதிர்மின் உடையனவாதலின் ஒன்றையொன்று தள்ளி, நாட்கணக்கில் மிதக்கும். சிறிது படிகாரம் இட்டால், மும்மடங்கு நேர்மின்னுடைய அலுமினிய அயனி அத்துகள்களின் பகையை ஆற்றித் திரளச் செய்து அடியில் படிவிக்கும். இன்று பொருநையாற்று நீர் குழாய்வழி அருப்புக்கோட்டைக்கு வருகின்றது. எனினும் அதனால் கிணறும் ஊருணியும் தேவையற்றுப் போய்விடவில்லை.

சோடியம் மிக்க உவர்நிலத்தில் இதற்கு நேர்மாறு நிகழும். சோடிய அயனி ஒருமடங்கு மின்னேற்றமே உடையதாதலின் களித்துகள்களைச் சேர்த்துப் பிடிக்க மாட்டாது. அவை சிதறும், மழையில் சேறாகவும் வெயிலில் கல்லாகவும் நிலம் கெடும். சிப்சம் இடுவது, சுண்ண அயனியைக் கொண்டு சோடியத்தை அவ்விடத்தினின்றும் வெளியேற்றுதற்கே. வெளியேறிய சோடியத்தை அடித்துச்செல்ல நீர் வேண்டும், வடிகால் வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் மூட்டை மூட்டையாய்ச் சிப்சம் கொட்டுவது வீண்.

சோடியத்துக்கு வீழ்படிவு காட்டும் எளிய வழி இல்லை; தீயே அதன் ஆய்வாளர். அடுப்பில் உப்பிட்ட நீர் பொங்கி வழிந்தால் எரிவளியின் நீலச்சுடர் பொன்மஞ்சளாவதைக் காணாதார் யார்? சுண்ணம் செங்கல் நிறமும், துரோந்தியம் செஞ்சிவப்பும், பேரியம் இளம்பச்சையும், செம்பு நீலப்பச்சையும் காட்டும். அருப்புக்கோட்டைக்கு மேற்கே சிவகாசியில் செய்து, நாடெங்கும் வானில் வெடிக்கும் வாணங்கள் அனைத்தும் நேர் அயனி ஆய்வுகளே. காண்பவர் அறியாமல் காண்கின்றனர், அவ்வளவே. அவற்றுள் பச்சை தந்த பேரியவுப்பைப் பட்டாசில் பயன்படுத்தலாகாது என்று இந்திய உச்ச வழக்குமன்றம் 2018-ஆம் ஆண்டில் ஆணையிட்டது.

சீமைக்கருவேலங் கரிமூட்டம் போடும் இவ்வூர்களில் சாம்பலுக்குக் குறைவில்லை. சாம்பலை நீரில் ஊறவைத்து வடித்துச் சுண்டக் காய்ச்சி, மாழைக் கம்பியில் தொட்டுச் சுடரில் காட்டினால், பொட்டாசியம் இளவூதா நிறம் காட்ட வேண்டும். ஆனால் சிறிதளவு சோடியமும் தன் மஞ்சளால் அதனை மூடிவிடும். கருநீலக் கண்ணாடித்துண்டு வழியே நோக்கினால் மஞ்சள் மறைந்து ஊதா வெளிப்படும். சுடர் நிறத்தைப் பட்டகத்தால் பிரித்துக் காணும் முறையை வகுத்த செருமானியர் புன்சனும் கிர்க்காப்பும், 1860-இல் துர்க்கைம் ஊர் ஊற்றுநீரைக் காய்ச்சி வடித்த எச்சத்தின் சுடரில் அதுவரை எவரும் காணாத நீலக்கோடுகளைக் கண்டனர். அவ்வாறு வெளிப்பட்ட தனிமமே சீசியம். உலகம் அறியாத மாழை ஒன்று ஓரூர் ஊற்றுநீரில் இருந்தது.

பள்ளிகளில் இவ்வாய்வுகள் நடவாமல் இல்லை. ஆனால் நடக்கும் முறைதான் நெஞ்சைச் சுடுகின்றது. ஆங்கிலத்தில் எழுதிய அட்டவணையை மாணவர் உருப்போடுவர். கொடுத்த உப்பு இன்னதென்று முன்கூட்டியே கேட்டறிந்து அட்டவணையை நிரப்புவர். வீழ்படிவு வீழ்ந்ததா என்று குழாயை நோக்குவார் சிலரே. வீழ்படிவு என்னும் சொல்லோ, வீழ்வதையும் படிவதையும் தன்னுள்ளே காட்டி நிற்பது; அச்சொல்லைக் கேட்ட சிறுவன் குழாயின் அடியை நோக்காமல் இரான். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் பயிற்றுவித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், 'கெமிசுதம்' என்னும் வேதியியல் நூலைத் தமிழில் 1875-இல் வெளிக்கொணர்ந்தார். நூலின் பெயர் தமிழாகவில்லை எனினும் பொருள் தமிழாயிற்று. அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும், தமிழில் ஆய்வகம் நடத்த இயலுமா என்று வினவுவோரை என்னென்பது!

இவ்வாய்வுகளின் எல்லையையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். நேர் அயனி ஆய்வு நேர் அயனியை மட்டுமே காட்டும். பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளூரைடு எதிர்மின் அயனி. வழலையும் எரிசோடாவும் சுடரும் அதனைக் காட்டா. பருப்பு நன்றாக வேகும் மென்னீரிலும் அது மிகுந்திருக்கலாம். காரீயத்தின் நிலையும் அத்தகையதே. பொட்டாசியம் அயோடைடுக் கரைசலை விட்டால் காரீயம் பொன்மஞ்சளாக வீழும். ஈயச்சொம்பு என்று விற்கும் கலத்தில் வெள்ளீயத்தோடு காரீயம் கலந்திருக்குமோ என்று ஐயுறுவார்க்கு அது முதற்படி ஆய்வு. ஆனால் குடிநீரில் காரீயத்துக்கு வகுத்த எல்லை இலிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதனினும் ஆயிரக்கணக்கான மடங்கு மிகுந்தால்தான் குழாயில் மஞ்சள் தோன்றும். மஞ்சள் காணாததால் நஞ்சில்லை என்று எவரும் கொள்ளற்க.

அவற்றுக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களை நாடுதல் வேண்டும். 2019-இல் தொடங்கிய ஊரகக் குடிநீர்த் திட்டத்தின்கீழ் ஊருக்கு ஐந்து மகளிர்க்குக் களஆய்வுப் பெட்டியில் பயிற்சி தர வகைசெய்யப்பட்டுள்ளது. தம் ஊரில் அப்பெட்டி யார் கையில் இருக்கின்றது, அடைப்பு உடைக்கப்பட்டதா என்று கேட்டறிதல் ஊரார் கடமை. ஆய்வகத்துக்கு நீர் கொண்டு செல்வோர், எந்திரத்தைச் சற்றுநேரம் ஓடவிட்டுக் குழாயில் தேங்கிய நீரைப் போக்கியபின், அதே நீரால் குப்பியை மும்முறை அலசி, வாய்வரை நிரப்பி, காற்றுப் புகாமல் மூடுக. குப்பியின்மேல் ஊர்ப்பெயர், கிணற்றின் பெயர், ஆழம், நீர் எடுத்த நாள் ஆகியவற்றைத் தமிழில் எழுதி ஒட்டுக. கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் அதே கிணற்றிலிருந்து எடுத்தனுப்புக. இரண்டு தாள்களும் ஒத்திருப்பது அரிது.